நஜ்மிய்யாவின் மகன்

என் பெயர் வஸீலா. குடியிருப்பு அட்டையில் பல்கீஸ் என்று இருக்கிறது, அது என் பெயர் இல்லை. வயது நாற்பத்தைந்து. கணவர் டாக்டர் முன்திர் சக்கால், காலமாகிவிட்டார். விலாசம் அம்மான் நகரம், ஜபல் நஸ்ர், மருந்துக்கடை மாடி. பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்து மட்டும் போடுவேன்.

19.07.2007 வியாழக்கிழமை காலை மயானத்தில் ஒரு கபுர்க் கல்லின் பெயரைச் சுரண்டியதாகக் காவலாளி கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்படுகிறேன். சுரண்டியது நான்தான்.

நானும் என் கணவரும் சிரியாவில் ஹமா ஊர். 1979-ல் நிக்காஹ் ஆனது. அவர் அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர். இஸ்லாமிய ஆட்சி வேண்டும் என்கிற இயக்கத்திலும் இருந்தார். அடுத்த வருடம், அந்த இயக்கத்தில் இருந்தாலே தூக்கு என்று சட்டம் வந்ததால், இருவரும் ஒரு தக்காளி லாரியில் எல்லை தாண்டி இங்கே வந்தோம். புறப்படும்போது அவர் அம்மா நஜ்மிய்யா, "நோன்புக்குள்ள வந்துருவீங்கல்ல?" என்று கேட்டார்கள். வந்துவிடுவோம் என்றோம். அதன் பிறகு அவர்களைப் பார்க்கவில்லை. மவுத்தான செய்தியே எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

இங்கே வந்த பின்பு இயக்கத்தார் ஏமன் நாட்டு பாஸ்போர்ட் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் அவர் ஹம்மூத், நான் பல்கீஸ். இயக்கத்துக்குள்ளும் சொந்தப் பெயர் சொல்லமாட்டார்கள். பிடிபட்டவன் அடி தாங்காமல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, இன்னாரின் தகப்பன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அபூ யமான், யமானின் தகப்பன். நான் உம்மு யமான், யமானின் தாய். எங்களுக்கு யமான் என்று பிள்ளை இல்லை. வேறு பிள்ளையும் இல்லை.

புதுப் பெயரில் டாக்டர் சான்றிதழ் இல்லாததால் கீழே மருந்துக்கடையின் பின்னறையில் வைத்தியம் பார்த்தார். மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போடமாட்டார். செவ்வாய்க்கிழமைகளில் இயக்கத்தார் வீட்டுக்கு வருவார்கள். நான் கதவிடுக்கில் டீத்தட்டை நீட்டுவேன். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, இருமல் தெரியும். எல்லோரும் போய், தாழ் போட்ட பிறகுதான் அவர் என்னை வஸீலா என்பார், நான் அவரை முன்திர் என்பேன். இருபத்தேழு வருடம் அந்த இரண்டு பெயரும் அந்த வீட்டுக்கு வெளியே போகவில்லை.

11.03.2007 ஞாயிறு முற்பகல், சவரம் செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் நாடியைத் தானே பார்த்தார். பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பாதி முகத்தில் சோப்பு இருந்தது, அதை நான் பிறகு துடைத்தேன். மாலை அஸர் தொழுகைக்குப் பின் ஆண்கள் அவரை அடக்க எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வழக்கப்படி பெண்கள் போகவில்லை.

அடக்கியதும் இமாம் தலைமாட்டில் உட்கார்ந்து, மய்யித்தை, அதாவது இறந்தவரை, அவர் பெயரும் பெற்ற தாயின் பெயரும் சொல்லி அழைத்து, கபுருக்குள் மலக்குகள் என்னும் வானவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுப்பார். அதற்குத் தல்கீன் என்று பெயர். மூன்றாம் நாள், துக்க வீட்டுக் கசப்புக் காப்பி குடிக்க வந்தவர்களில் ஒருவர் கதவுக்கு அந்தப் பக்கம் இருமினார். இயக்கத்தில் பெரியவரான அபூ ஸுஹைப் என்று தெரிந்துகொண்டேன்.

"உம்மு யமான், நல்ல அடக்கம். தெருவே அடைச்சுப்போச்சு. இருநூறு பேருக்குக் குறையாது."

"தல்கீன்ல எந்தப் பேரைச் சொன்னீங்க?"

"ஹம்மூத்னுதான். அம்மா பேரை இமாம் கேட்டாரு. யாருக்கும் தெரியலை. தெரியாதவங்களுக்கு எல்லாருக்கும் தாயான ஹவ்வாவின் மகன்னு சொல்றதுதானே? அப்படியே சொல்லிட்டாரு."

"அவங்க பேரு நஜ்மிய்யா. வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே."

"கல்லு வைக்கிற நேரத்துல பொம்பளைகிட்ட ஓடி வரச் சொல்றீங்களா, தங்கச்சி?"

இருநூறு பேர் நின்ற இடத்தில் அவர் யார் என்று தெரிந்தவர் ஒருவர் இல்லை. தெரிந்த நான் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவர் இறந்த நாளிலிருந்து பிறைக் கணக்கில் நான்கு மாதம் பத்து நாள், கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா இருந்தேன். வெளியே போகவில்லை. கல்லில் உண்மையான பெயரைப் போடும்படி மருந்துக்கடைக்காரர் மூலம் அபூ ஸுஹைபுக்குச் சொல்லி அனுப்பினேன். போட்டால் உங்கள் குடியிருப்பு அட்டை போய்விடும், பாஸ்போர்ட் எங்கே வாங்கினீர்கள் என்று எங்களுக்கும் கேள்வி வரும் என்று பதில் வந்தது. உண்மைப் பெயர் தெரிந்தாலும், ஹமாவில் பிடித்துக்கொண்டு போக எங்கள் சொந்தக்காரர் யாரும் மிச்சமில்லை. வீட்டில் என் பெயரைச் சொல்லவும் யாரும் இல்லை. அவர் சவரக் கண்ணாடி மாட்டிய இடத்திலேயே இருந்தது. அதற்கு முன்னால் நின்று ஒரு நாள் நானே வஸீலா என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

இத்தா முடிந்த மறுநாள், கூசா என்கிற சிறு சுரைக்காயைக் குடையும் கத்தியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கல்லில் இருந்த பெயரை எனக்கு அடையாளம் தெரியும். மாதாமாதம் கரண்ட் பில்லில் பார்த்ததுதான். சுரண்டினேன். காவலாளி ஓடி வந்தார்.

"ஹாஜ்ஜா, ஹாஜ்ஜா! செத்தவர்கிட்டயுமா சண்டை?"

"இது இவர் பேரு இல்ல."

"எனக்குங்கூட என் பேரு பிடிக்காது. அதுக்குன்னு கத்தியையா எடுப்பாங்க?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் போன் செய்யப் போனார். அவர் வருவதற்குள் நான் தலைமாட்டில் உட்கார்ந்து, "நஜ்மிய்யாவின் மகன் முன்திரே" என்று மூன்று முறை கூப்பிட்டேன். பெண் தல்கீன் சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு போலீஸ் வண்டி வந்தது.

இதையெல்லாம் சொன்னால் அட்டை ரத்தாகலாம், நாட்டை விட்டு அனுப்பப்படலாம் என்று அலுவலர் எனக்கு எடுத்துச் சொன்னார். தெரிந்தே சொல்கிறேன். கல்லைச் சுரண்டியதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். மவுத்துப் பதிவேட்டில் முன்திர், தாய் நஜ்மிய்யா என்று திருத்தித் தரக் கேட்கிறேன். சாட்சி உண்டா என்று கேட்கப்பட்டது. நான் ஒருத்திதான்.

இதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியதும் இல்லை, ஒளித்ததும் இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்குப் போடத் தெரிந்தது பல்கீஸ் ஒன்றுதான். குடியிருப்பு அலுவலகத்துக்காக என் கணவர்தான் என் கையைப் பிடித்து ஒரு வாரம் பழக்கினார். அதை இதன் கீழே போட எனக்குச் சம்மதம் இல்லை.

(இடது கைப் பெருவிரல் ரேகை)
வஸீலா