மின்சார ஆபீஸுக்கு நான் போட்ட பூட்டு

பெயர்: சாந்தாமணி. வயது 47. கணவர்: காலஞ்சென்ற ஆறுச்சாமி. தொழில்: விவசாயம். விலாசம்: 3/41, மேற்குத் தோட்டம், கோட்டாம்பதி, பொள்ளாச்சி வட்டம், கோயமுத்தூர் மாவட்டம். நாள்: 11.8.1997. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இந்த வாக்குமூலம் கொடுக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும், கொடுத்தால் எனக்கே பாதகமாக முடியலாம் என்றும் குற்றவியல் நடுவர் அவர்கள் எச்சரித்தார்கள். தெரிந்தேதான் சொல்கிறேன்.

எனக்கு மூன்றரை ஏக்கர் தென்னந்தோப்பும் ஒரு கிணறும் உண்டு. கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்பு கேட்டு 1986ஆம் வருடம் என் பெயரில் விண்ணப்பித்தேன். எனக்குக் கொடுத்த வரிசை எண் 212. மோட்டார் ரூம் கட்டினால்தான் இணைப்பு என்று லைன்மேன் சொன்னதால் அந்த வருடமே ரூம் கட்டி, கதவு வைத்து, பூட்டும் போட்டேன். பதினொரு வருடமாக அதில் கோழி அடைக்கிறேன். தண்ணீர் இறைப்பது ஆயில் எஞ்சினில்தான். போன கோடையில் எஞ்சின் பழுதாகி நின்று முப்பத்தெட்டு தென்னை காய்ந்தது. வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றி அனுப்பினேன். ஆபீஸில் போய்க் கேட்டால், "உங்க நம்பர் இன்னும் வரலீங்க" என்பார்கள். இப்போது எந்த நம்பர் ஓடுகிறது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். அது என்ன ராணுவ ரகசியமா?

1996 தேர்தலில் வெங்கடபதி எங்கள் எம்.எல்.ஏ. ஆனார். ஜனங்கள் நிற்கிற வரிசையை ஜனங்களுக்கே காட்டாத ஆபீஸ் எதற்கு என்று அவர் சட்டசபையில் கேட்டதாகப் பேப்பரில் படித்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள் என்றும் போட்டிருந்தது. அதன் பிறகு அவர் பல மாதம் மெட்ராஸுக்கு அலைந்து ஓர் உத்தரவு வாங்கி வந்தார். தொகுதியில் உள்ள ஒவ்வொரு ஆபீஸிலும் காத்திருப்போர் பட்டியலை ஒட்ட வேண்டும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை யார் கேட்டாலும் பதிவேட்டைக் காட்ட வேண்டும். எங்கள் ஊர்க் கோயில் முன்னால் நின்று, "நம்பர் உங்களுதுங்க அம்மணி. அதப் பாக்கறதுக்கு ஒருத்தர் கால்லயும் உளுக வேண்டியதில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோட்டாம்பதி மின்சார ஆபீஸிலும் ஒட்டினார்கள். எங்கே தெரியுமா? உதவிப் பொறியாளர் கிருபாசங்கரின் அறைக்குள், பீரோவுக்குப் பின்பக்கச் சுவரில். பல்லிதான் படிக்க வேண்டும். ஜூன் முதல் திங்கள் போனேன். அறைச் சாவி இல்லை என்றார்கள். ஜூலை முதல் திங்கள் போனேன். சார் கேம்ப் போயிருக்கிறார் என்றார்கள். கேம்ப் போன சார் உள்ளே தும்மிக்கொண்டிருந்தார்.

4.8.1997 திங்கட்கிழமை மறுபடி போனேன். இந்த முறையும் காட்டாவிட்டால் பூட்டிவிடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து, மோட்டார் ரூம் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். காலை பதினொரு மணி இருக்கும். கிருபாசங்கர் என்னைப் பார்த்து, "ஏனுங்கம்மா, உங்களுக்கு வேற சோலியே இல்லீங்களா? லிஸ்ட்டப் பாத்தாக் கரண்டு வந்துருமா?" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "சரிங்க சார், நீங்க உள்ளாரயே இருங்க" என்று சொல்லி வெளியே வந்து, வாசல் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். உள்ளே பொறியாளரும் மூன்று சிப்பந்திகளும் இருந்தார்கள். நான் யாரையும் அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை பேசவில்லை, பேசியிருக்கலாம். ஜன்னல் வழியாகக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

அதன் பிறகு உள்ளே இருந்தவர்கள் எங்கெங்கோ போன் செய்ததில், பன்னிரண்டரை மணிக்கு எம்.எல்.ஏ. வந்து சேர்ந்தார். வந்ததும் என்னைத்தான் சத்தம் போட்டார். "பூட்டுனது தப்புங்க அம்மணி. மொதல்ல தொறந்து உடுங்க" என்றார். பதிவேட்டைக் காட்டினால் திறக்கிறேன் என்றேன். அவர் ஜன்னல் கம்பி வழியாகப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். அப்போது நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். 212ஆம் நம்பர் பக்கத்தை அவர் எடுத்தபோது நானும் கூடவே படித்தேன். 1994 மார்ச் மாதமே என் முறை வந்திருக்கிறது. மனுதாரர் இணைப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்று எழுதி, ஒரு கடிதத்தையும் ஒட்டியிருந்தார்கள். கடிதத்தின் அடியில் என் பெயர். அதன் மேல் இடது கைப் பெருவிரல் ரேகை. கையெழுத்துப் போடத் தெரிந்தவள் ரேகை எதற்கு வைக்கப் போகிறேன்? பொம்பளை என்றால் கைநாட்டாகத்தான் இருப்பாள் என்று நினைத்துவிட்டார்கள், பாவிகள்.

அதற்கு அடுத்த வரியில், 640ஆம் நம்பர் கோவிந்தராஜுலு என்பவருக்கு அந்த இணைப்பைக் கொடுத்ததாக இருந்தது. கோவிந்தராஜுலு எம்.எல்.ஏ.வின் கூடப்பிறந்த அக்காளின் வீட்டுக்காரர். என் தோப்புக்கு வடபுறத் தோட்டம் அவருடையதுதான். எம்.எல்.ஏ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கட்சிக்காரர் ஒருவர் காதருகே போய், "பக்கத்தத் திருப்பிருங்கண்ணா, பொறவு பேசிக்கலாம்" என்றது எனக்கே கேட்டது. அவர் திருப்பவில்லை. கூட்டத்தைப் பார்த்து அந்த வரியைப் பெயர், நம்பர், தேதியோடு உரக்கப் படித்தார். "எங்க மாமா பேருதானுங்க. எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க" என்றார். விசாரணை வேண்டும் என்று அங்கேயே ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு நான் பூட்டைத் திறந்துவிட்டேன்.

மாலை நான்கு மணிக்குப் போலீசார் வந்து என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். இன்ஸ்பெக்டர் தம்பிதுரை ஒரு வாக்குமூலம் எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்டார். படித்துப் பார்க்கிறேன் என்றேன். "படிச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?" என்றார். பிடுங்கிப் படித்தேன். 'எம்.எல்.ஏ. வெங்கடபதியின் தூண்டுதலின் பேரில் பூட்டினேன்' என்று ஒரு வரி இருந்தது. அப்படி நான் சொல்லவே இல்லை. கையெழுத்துப் போட்டால் அவர் மேல் கேஸ் விழும். அவர் வாங்கிய உத்தரவும், மாமா விஷயத்தில் அவர் கேட்ட விசாரணையும் அதோடு முடிந்துவிடும்.

அப்போது கோவிந்தராஜுலுவே ஸ்டேஷனுக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தணிவாகப் பேசினார். "அந்த ஒரு வரிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்கம்மா. கேசும் இல்லீங்க. எம்பட தோட்டத்துலிருந்து நாலே கம்பந்தான். வெள்ளிக்கெழம உங்க கெணத்துல மோட்டார் ஓடும்" என்றார்.

ஐயா, பொய் சொல்ல மாட்டேன். யோசித்தேன். இன்னும் இருநூற்று ஆறு தென்னை நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்கு நான்கே நாள். அதை நினைத்ததும்தான் எனக்கு வெறியே வந்தது. பதினொரு வருடமாக நகராத கம்பம் நான்கு நாளில் நடந்து வருமாம்! அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்து மேஜை மேல் போட்டேன். அதை ஒரு குற்றமாக எழுதியிருக்கிறார்கள். கிழித்ததும் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். அன்று இரவு என்னைச் சொந்த ஜாமீனில் விட்டார்கள்.

என்னைப் பூட்டச் சொல்லி யாரும் தூண்டவில்லை. எம்.எல்.ஏ. திறக்கத்தான் சொன்னார். பூட்டினது என் கோபத்தில். அதற்கு உண்டான தண்டனையை எனக்குக் கொடுங்கள். 212ஆம் நம்பரை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை என் தோப்புக்குக் கம்பம் வரவில்லை. கோவிந்தராஜுலு தோட்டத்தில் விடிய விடிய மோட்டார் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூன்று நாள் இருந்த பிறகுதான் இதைச் சொல்ல வந்தேன்.

இதில் கண்டது அத்தனையும் உண்மை. எழுத்தர் வாசித்துக் காட்டினார். பிறகு நானும் கையில் வாங்கி வரி விடாமல் படித்தேன். எம்.எல்.ஏ. தூண்டினார் என்ற வரி இதில் இல்லை என்று பார்த்துக்கொண்டே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஆ. சாந்தாமணி