பழந்துணி திணித்த கார்

இரவு ஒன்றரை மணி... இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். பாதி விளக்குகள் எரியாத சாலை. அதில் ஒரே ஒரு கார். ஓட்டியவர் என் தோழியின் சித்தப்பா.

கார் மெக்கானிக். தனக்குத் தானே ‘டாக்டர்’ என்று பட்டம் கொடுத்துக்கொண்டவர். பானெட்டைத் திறக்காமலே நோயைச் சொல்லிவிடுவாராம். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

தன் தங்கைக்காக அவர் மலிவாகப் பிடித்தது எங்கோ மோதி நொறுங்கிய கார். முன்பக்க ஏர்பேக் இரண்டும் வெடித்து, அவற்றின் வெள்ளைப் பவுடர் சீட்டெல்லாம் படிந்திருந்தது. புதிது போட வேண்டும். நம் டாக்டர் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள். பை இருக்க வேண்டிய பள்ளத்தில் பழந்துணியைத் திணித்து மூடினார். பைக்குப் போகும் வயரில் ஒரு பொடி ரெசிஸ்டரைச் செருகினார். பை இருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும். எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிடும்.

“லைட்டு அணைஞ்சா நோய் போச்சு” என்றார் சித்தியிடம்.

“எங்கயாவது மோதிட்டா?”

“மாப்பிள்ளை ஓட்டுற வேகத்துக்கு ஆமை ஹாரன் அடிச்சு முந்திட்டுப் போகும். நீ போய்ப் படு.”

விடிந்தால் தங்கை, அவள் கணவர், கைக்குழந்தை மூவரும் அந்தக் காரில்தான் ஊர் திரும்ப வேண்டும். அதற்கு முன் ஓட்டிப் பார்க்கத்தான் இந்த நடுராத்திரிச் சவாரி.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்கிற மணி. பக்கத்து சீட்டில் யாருமே இல்லை. வெடிமருந்து கருகிய வாடை மட்டும்... லேசாக.

ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். ‘முன் இருக்கை: ஆள் உண்டு’ என்றது திரை.

“சென்சார் செத்துப்போச்சு” என்று தீர்ப்புச் சொன்னார். சீட்டுக்கு அடியில் கைவிட்டு சென்சார் வயரையே பிடுங்கினார்.

ஆள் உண்டு.

பெரிய மூளைக்காரர் அல்லவா, காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது. “அவ்வளவுதான் விஷயம்” என்று கையைத் தட்டிக்கொண்டார்.

தொளதொளவென்று கிடந்த பெல்ட் சரசரவென்று உள்ளே போனது. ஆனால் சீட்டில் படியவில்லை. ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. பிறகு மெதுவாக... ஏறியது. இறங்கியது. ஏறியது.

அங்கே போர்வைக்குள் யார் குசுகுசுப்பது? கதையைக் கேளுங்கள்.

டாக்டர் பக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே வீடு வந்து சேர்ந்தார். காலையில் ‘பை இல்லை, இதில் போகாதே’ என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் பட்டம் என்ன ஆவது? காரைப் பளபளவென்று கழுவி, சாவியை நீட்டினார்.

“நீ பின்னாடி உக்காரும்மா.”

“ஏண்ணே?”

“காத்து நல்லா வரும்.”

இதுதான் அவருடைய மனசாட்சி. அத்தோடு விட்டாரா? அவர்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பாராட்டு வாங்கத் தங்கைக்குப் போன் வேறு போட்டார்.

“வண்டி பஞ்சு மாதிரி போகுதுண்ணே! நீ சொன்னபடி நான் பின்னாடிதான் இருக்கேன்.”

“லைட்டு எதுவும் எரியலல்ல?”

“ஒண்ணும் எரியல. ஆமா, ஒரு பொண்ண அனுப்பினியே, உங்க கடையில வேல பாக்குறேன்னு தெருமுனையில ஏறிக்கிட்டா. மூஞ்சியெல்லாம் ஒரே பவுடர், பாவம். பாப்பா விடாம அழுதுச்சா... அவதான் வாங்கி மடியில வெச்சுக்கிட்டு முன்னாடி உக்காந்திருக்கா.”

அப்போதும் பையைப் பற்றி வாய் திறக்கவில்லை, அந்த மனிதர்.

“பாப்பாவ... நீ வாங்கிக்கோ” என்றார்.

“இருக்கட்டும்ண்ணே. அவ வாங்கினதுலேருந்து பாப்பா மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்கல.”