ஒரே சொல்லில் ஓர் இசைக்கோவை

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! எங்கள் அபசுரங்களையும் பொறுத்து எங்களைப் பாடகர்களாக்கிய பெரியவர்களே! வேலைக் களைப்போடும் வந்து அரங்கை நிறைத்திருக்கும் தாய்மார்களே! நாளை என்னைத் திருத்தப்போகும் இளையோரே! நாற்பது குரல்களை நடத்தும் இந்த ஒற்றைக் குரலின் வணக்கம்!

இசையமைப்பாளர் அம்மையாரைப் பாராட்ட என்னை அழைத்தார்கள், கடலை அளக்க ஆழாக்கைக் கொடுத்ததுபோல! அவர் படைத்தவை பதினேழு இசைக்கோவைகள். தகப்பனாரின் தையல் இயந்திரம் தந்தது முதலாவது. இரயில் பாலத்தின் அதிர்வு தந்தது இரண்டாவது. எல்லாவற்றையும் சொன்னால் விடிந்துவிடும். என்ன, "சொல்லுங்க" என்கிறீர்களா? ஒலிபெருக்கிக்காரர் முகத்தைப் பாருங்கள், ஒப்பமாட்டார்! பதினேழாவதை மட்டும் சொல்கிறேன்.

பகலெல்லாம் அம்மையாருக்கு மருத்துவமனையில் வேலை. பக்கவாதத்தால் பேச்சிழந்தோருக்குப் பேச்சுப் பயிற்சி தருவார். அங்கே வந்தார் ஒரு பேருந்து ஓட்டுநர். அவருக்கு மிஞ்சியது ஒரே சொல்: "வா." பசித்தாலும் வா. வலித்தாலும் வா. மனைவியைக் கண்டாலும் வா. கோபத்தில் வாசலைக் காட்டி விரட்டும்போதும் வா! நாம் அதில் நோயைக் கேட்போம். அம்மையார் இசையைக் கேட்டார். நான்கு ஆண்டுகள் உழைத்து, அந்த ஒற்றைச் சொல்லை நாற்பது குரல்களுக்கு எழுதினார்.

ஒருநாள் எங்கள் ஒத்திகை அறைக்கு ஓட்டுநரின் மனைவி வந்தார். வாசலிலேயே நின்று கேட்டார். முகம் சிவந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரர் வாயைத் திறக்க முடியாம தவிக்கிறாரு. அதைப் பாட்டாக்கி நீங்க கைதட்டு வாங்கணுமா?"

அம்மையார் வாதாடினாரா? கலை என்றாரா? கருணை என்றாரா? எங்கள் கையிலிருந்த தாள்களை எல்லாம் வாங்கினார். தம் கையெழுத்துப் படியையும் மேலே வைத்து நீட்டினார்.

"தப்புதான் அக்கா. முதல்லயே உங்களைக் கேட்டிருக்கணும். இது உங்களோடது. கிழிக்கணும்னா கிழிச்சிடுங்க."

வேறு படி? கிடையாது! நான் பதறினேன். "எழுத்துதாங்க என்னுது. குரல் அவரோடது" என்றார் அம்மையார்.

தாள்களை வாங்கிக்கொண்டு போனவரிடமிருந்து மூன்று மாதம் தகவலே இல்லை. பிறகொரு பிற்பகல் அந்த அம்மா கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் மடியில் அந்தத் தாள்கட்டு, கசங்காமல்!

"இவருக்கே பாடிக் காட்டுங்க. இவரு சரின்னா எனக்கும் சரி."

பாடினோம். மூன்றாம் பகுதியில் ஓட்டுநர் கையை உயர்த்தினார். சடாரென நிறுத்தினோம். தவறு என்று தலையாட்டினார்! அடிவயிற்றிலிருந்து இழுத்தார்: "வா... ஆ... ஆ..." நாங்கள் பாடியதைவிடத் தாழ்ந்து, நீண்டு, நடுவே உடைந்து வந்தது அந்தக் குரல். அம்மையார் பென்சிலை எடுத்தார். தம் வரியை அழித்தார். ஓட்டுநர் பாடியபடியே எழுதினார். ஓரிடமா, ஈரிடமா? பதினோரு இடங்கள்!

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இவரு இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லீங்க."

சிரியுங்கள், அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்!

உங்கள் கையிலுள்ள நிகழ்ச்சித் தாளைப் பாருங்கள். 'இயற்றியோர்' என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். முதல் பெயர் ஓட்டுநருடையது! பெயருக்காகவே பிறந்து, பெயருக்காகவே பேசி, பெயருக்காகவே அலையும் உலகில், தம் பெயரை இரண்டாவதாய் எழுதிய கையை நான் என்ன சொல்லிப் புகழ்வேன்? சொல் வரவில்லை, கை கூப்புகிறேன்!

இதுவரை செவி தந்தீர்கள், நன்றி. இதோ, என் பாடகர்கள் எழுந்துவிட்டார்கள். இருவரும் இயற்றியதைக் கேளுங்கள். வணக்கம்!