கறந்திருந்த மாடு

மாடு கறக்க எனக்குத் தெரியாது, சார். ஆனால் எது கறந்த மாடு, எது கறக்காத மாடு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். விழிதியூரில் பிறந்தவன் எவனும் சொல்வான். மடி காட்டிக்கொடுத்துவிடும்.

என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் ஏட்டு அறிவுமதி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "நீங்க இல்லன்னா இந்தக் கேஸு இன்னும் இழுத்துக்கிட்டேதான் சார் கெடக்கும்" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் விவரமாகச் சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் எழுதச் சொல்லுங்கள்.

என் பெயர் கலைவாணன். தருமபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் டியூஷன் எடுக்கிறேன். சாயங்காலம்தான் வேலை, பகலெல்லாம் சும்மா கிடக்கும். வாரப் பத்திரிகைகளின் துப்பறியும் தொடர்களைப் படித்து வளர்ந்த மனசு சும்மா கிடக்காதே. 'காரை உளவு' என்று யூடியூபில் ஒரு சேனல் ஆரம்பித்தேன். காணாமல் போன பைக், கோயில் உண்டியல் திருட்டு என்று ஏதாவது பேசுவேன். கேட்பவர்கள் கேட்பார்கள். போன தை மாதம் வரைக்கும் அது ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

தை மாதத்தில் விழிதியூரில் தெட்சிணாமூர்த்தி அண்ணன் வீட்டில் மூன்று பேரும் வெட்டுப்பட்டுக் கிடந்தார்கள். அண்ணன், ராஜம் அண்ணி, அவர்கள் ஒரே மகன் ஹரிஹரன். அறுவடை மிஷின்காரர் வயலில் காத்திருந்து, யாரும் ஃபோன் எடுக்கவில்லையே என்று வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் ஊரைக் கூட்டினார். அண்ணன் எனக்குத் தூரத்து உறவு. செய்தி கேட்டு வண்டியை எடுத்தேன். நீங்கள் வந்து கயிறு கட்டுவதற்குள் கொல்லைப்புறம், வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்துவிட்டேன். அழவும் செய்தேன். அண்ணி கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவன்.

நீங்கள் பங்காளித் தகராறு என்றீர்கள். வேலித் தகராறில் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இளையபெருமாளைப் பிடித்து வைத்துக்கொண்டீர்கள். நான் கஞ்சா என்றேன். எனக்குக் காரணம் இருந்தது. ஹரிஹரன் வயல் நடுவே இருந்த மோட்டார் கொட்டகைக்குப் புதுப் பூட்டுப் போட்டிருந்தான். அறுப்புக்கு நிற்கிற வயலுக்கு யார் தண்ணீர் இறைக்கிறார்கள்? மோட்டாரே ஓடாத மாதத்தில் கொட்டகைக்கு எதற்குப் பூட்டு? பொட்டலங்கள் அங்கே வந்து தங்கி, அப்புறம் கடற்கரைக்குப் போய்ப் படகேறி அக்கரை போகின்றன. பங்கில் ஏதோ மனக்கசப்பு, அல்லது ஹரிஹரன் விலகிக்கொள்ளப் பார்த்திருக்கிறான். இதைத்தான் வாரா வாரம் சேனலில் சொன்னேன்.

யாரும் நம்பவில்லை. டீக்கடையில் என்னைக் கண்டாலே என் கூட்டாளி சஃபியுல்லாவுக்குக் குஷி பிறந்துவிடும்.

"வாங்க சிபிஐ, உக்காருங்க. இன்னைக்கி யார உள்ள தள்ளப்போறீங்க?"

"சிரிங்க மாப்ள. ஒருநாள் தெரியும்."

"கஞ்சாங்குறீங்க, படகுங்குறீங்க, ஒரு பொட்டலத்தையாச்சும் கண்ணால பாத்தீங்களா? நேத்து எங்கூட்டுல ஷஃபீனா கேக்குறா, அந்த டியூசன் வாத்தியாரு அத அடிச்சிப்புட்டுத்தான் பேசுறாரான்னு."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் முன் பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பையன்கள் அதே வார்த்தையைக் கிசுகிசுத்துக்கொண்டதும் என் காதில் விழுந்தது. அப்படி ஒரு சிரிப்பை அடக்க மனுஷன் என்ன விலை கொடுப்பான் என்று உங்களுக்குத் தெரியாது, சார். எனக்கும் அப்போது தெரியாது.

பங்குனியில் ஒரு மத்தியானம், பழைய வீடியோவைத் திரும்ப ஓடவிட்டேன். எத்தனையாவது தடவையோ. கொட்டகை வந்தது. பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கன்று தள்ளி முளைக்குச்சியில் கட்டிக் கிடந்தது. அங்கேதான் நிறுத்தினேன். விடியலில் கறக்க வேண்டிய மாடு, உச்சி வெயில் வரைக்கும் கறக்காமல் இருந்தால் கத்திக் கத்தி ஊரையே எழுப்பியிருக்கும். மடி கல் மாதிரி இறுகி, காம்பில் பால் சொட்டும். இதுவோ ஒன்றுமே நடக்காதது போல் படுத்திருந்தது. மடி தொளதொளவென்று இருந்தது. கன்று ஊட்டவில்லை, கட்டிக் கிடக்கிறதே. அப்படியென்றால், மூன்று பேர் செத்துக் கிடந்த வீட்டில் அன்று விடியலில் யாரோ வந்து பால் கறந்திருக்கிறார்கள்.

அந்த வீட்டில் கறப்பது குஞ்சம்மா. தெருவில் எல்லா வீட்டுக்கும் அவர்தான். இருட்டுப் பிரிவதற்குள் வருவார். யாரையும் எழுப்ப மாட்டார். நேரே கொட்டகைக்குப் போய்க் கறந்து முடித்த பிறகுதான், செம்போடு கொல்லைக் கதவுக்கு வந்து குரல் கொடுப்பார். அண்ணி வாங்கி வடிகட்டிக்கொண்டு உள்ளே போவார். இதுதான் வழக்கம். உங்களிடம் அவர், "காய்ச்சல், அன்னைக்கி நான் போவல" என்று சொல்லியிருந்தார். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். நீங்கள் பாண்டிச்சேரிப் பக்கம், மாட்டைப் பார்க்கத் தோன்றியிருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை.

மறுநாள் குஞ்சம்மாவைத் தேடிப் போனேன். வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். கேட்டேன். "காய்ச்சல் தம்பி" என்றார். நான் கிளம்பி வந்துவிட்டேன். முன்பு உங்களிடம் எழுதிக் கொடுத்ததில் இதுவரைதான் இருக்கிறது. அது முழுசு இல்லை.

நான் கிளம்பவில்லை, சார். ஃபோனைத் திறந்து மாட்டைக் காட்டினேன். "அக்கா, இது யாரு கறந்தது?" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார். கையிலிருந்த உளுந்தஞ்செடிகளை மெதுவாக வரப்பில் வைத்தார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"கறந்துட்டுத்தான் தம்பி கதவாண்ட போனேன். தொறந்து கெடந்திச்சி. அடிபைப்புல ஒரு ஆளு கை கழுவிக்கிட்டிருந்தாரு. தண்ணி செவப்பா ஓடுது. நான் வைக்கப்போருக்குப் பின்னால அப்படியே குந்திட்டேன்."

"யாருக்கா?"

"ஹரித் தம்பிக்கி மீனு கொண்டாந்து குடுப்பாருல்ல, கருக்களாச்சேரி கோவிந்தராசு. கூட இன்னொரு ஆளு. அவரு மொகம் தெரியல. பால் செம்ப எடுத்துக்கிட்டு எப்படி வூடு வந்து சேந்தேன்னே தெரியல தம்பி. பால வாய்க்கால்ல ஊத்திட்டேன்."

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் இல்லை. நான் சொன்னது சரி. படகு, கடற்கரை, கஞ்சா, எல்லாம் சரி.

"யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க தம்பி" என்றார். "எம்மவ மதிவதனி நர்சிங் முடிக்கப்போவுது. சித்திரையில மெட்ராசுக்கு வேலைக்கிப் போயிடும். அத பஸ் ஏத்தி வுட்டுட்டு நானே டேசனுக்கு வந்து அத்தனையும் சொல்லிப்புடுறேன். அதுக்குமேல எனக்கு என்ன வேண்டிக் கெடக்கு? அதுவரைக்கும் நான் அன்னைக்கி அங்க போவவே இல்ல."

"சரிக்கா" என்றேன்.

"சத்தியமெல்லாம் வாணாம். நீங்க படிச்சவுங்க. சொன்னா போதும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சித்திரையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். குஞ்சம்மா வந்து சொல்வார். நீங்கள் கோவிந்தராசுவைப் பிடிப்பீர்கள். பேப்பரில் போடுவார்கள், பால்காரப் பெண் நேரில் பார்த்தார் என்று. மடி, கன்று, கொட்டகைப் பூட்டு என்று நான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதற்கு அங்கே இடமே இருக்காது. பார்த்தவள் சொன்னாள், பிடித்தார்கள், முடிந்தது. டீக்கடையில் நான் அதே சிபிஐயாகத்தான் உட்கார்ந்திருப்பேன்.

உங்களிடம் வந்து ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பாதுகாப்புப் போட்டிருப்பீர்கள். அது தோன்றாமல் இல்லை.

அந்த வாரமே வீடியோ போட்டேன். குஞ்சம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. கோவிந்தராசு பெயரையும் சொல்லவில்லை. கொட்டகையைப் பெரிதாக்கிக் காட்டி, மடியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இந்த மாட்டைக் கறந்தது யார்? அவர் உயிரோடு இருக்கிறார். அவர் பார்த்திருக்கிறார்" என்று முடித்தேன். நிதானமாக, அழகாக வந்தது. பதிவு செய்யும்போது என் மனைவி சிவப்ரியா துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தத் தெருவுல கறக்குறது குஞ்சம்மா ஒண்ணுதானே?"

"நான் பேரு சொல்லலையே."

"நீங்க பேரு சொல்லாட்டி என்ன? மாட்டுக்கே தெரியும். அவுங்க பொட்டப்புள்ளைய வச்சிக்கிட்டு ஒண்டியா கெடக்குறவுங்க. வாணாங்க, அழிச்சிடுங்க."

"ஒனக்கு இதெல்லாம் புரியாது."

அவளுக்குப் புரிந்தது, சார். எனக்கும் புரிந்தது. அவளுக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும். கோவிந்தராசு என் சேனலைத் தவறாமல் பார்க்கிறவர். நான் கஞ்சா என்று பேசிய ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும், "பங்காளி வேலைதான் சார் இது" என்று கும்பிடு போட்டு எழுதிவைப்பார். குஞ்சம்மாவிடமிருந்து திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் எடுத்துப் பார்த்தேன். இந்த வீடியோவுக்குக் கீழே அவர் ஒன்றும் எழுதவில்லை. பார்த்துவிட்டு எழுதாமல் இருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். அந்த மௌனத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குஞ்சம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டு, கொஞ்ச நாளைக்குக் கறவைக்குப் போகாதீங்கக்கா என்று சொல்லியிருக்கலாம். ஃபோன் கையில்தான் இருந்தது.

அடுத்து நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. விடியலில் கறவைக்குப் போன குஞ்சம்மாவை வாய்க்கால் கரையில் அடித்துக் கொன்று போட்டிருந்தார்கள். தலையெல்லாம் ரத்தம். செம்பு தண்ணீரில் கிடந்தது. ஓடும்போது கோவிந்தராசுவை வயலுக்கு வந்த ஆட்கள் பார்த்துவிட்டார்கள். படகில் தேடினீர்கள், பொட்டலங்கள் கிடைத்தன. கூட வந்த ஆளும் மாட்டினான். இளையபெருமாள் என் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சஃபியுல்லா டீக்கடையில் எழுந்து நின்று, "மன்னிச்சிக்கிங்க மாப்ள, நீங்க பெரிய ஆளு" என்றான். கேட்டு இனித்தது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இனித்தது.

இத்தனைக்கும் எனக்கு ஒரு நியாயம் இருந்தது. மூன்று உயிருக்கு நீதி கிடைத்ததே, அதற்கு நான் ஒரு கருவிதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று மதிவதனி டியூஷன் வாசலில் வந்து நிற்கும் வரை அது நன்றாகத்தான் வேலை செய்தது.

வெள்ளை யூனிஃபார்மில் வந்திருந்தாள். சென்னைக்குப் போகவில்லையாம்.

"சார், அம்மா ஒங்ககிட்ட எதாச்சும் சொன்னிச்சா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"எங்கிட்டயும் சொல்லல சார். தெனமும் ராத்திரி கதவ ரெண்டு தடவ பூட்டும், ஏன்னு கேட்டா திட்டும். நீங்களாச்சும் கண்டுபுடிச்சீங்களே." கையெடுத்துக் கும்பிட்டாள். "இல்லன்னா எங்கம்மாவக் கொன்னவன் இன்னும் வெளியிலதான் சார் திரிஞ்சிக்கிட்டிருப்பான்."

போய்விட்டாள். அவள் கும்பிட்ட இடத்தில் அப்புறம் எந்தப் பிள்ளையையும் உட்காரவைக்க என்னால் முடியவில்லை. வகுப்பு இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

அதனால்தான் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறேன், சார். குஞ்சம்மா எனக்குப் பெயரைச் சொன்னார். நான் அதை உங்களிடம் மறைத்துவிட்டு, அவரைக் கோவிந்தராசுவுக்குக் காட்டிக்கொடுத்தேன். அவன் வருவான் என்று தெரிந்தே காட்டினேன். வந்தால்தான் நான் சொன்னது சரியென்று ஆகும். இதற்கு என்ன சட்டப் பிரிவு என்று நீங்கள்தான் தேடவேண்டும்.

இன்னும் ஒன்று. அன்று விடிந்ததும் சிவப்ரியா வெளியிலிருந்து ஓடிவந்து, "குஞ்சம்மாவ அடிச்சிக் கொன்னுட்டாங்களாங்க" என்று அலறினாள். நான் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றேன். அது அதிர்ச்சியில் உளறியது என்றுதான் இன்று காலைவரை நம்பிக்கொண்டிருந்தேன். அவள் அன்றே பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்; ஏனென்று இன்று காலை ஃபோனில்தான் சொன்னாள். நான் அதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டிருந்தேனாம்.