அடிக்காத சைரன்

ஜீவராணி: இன்னொருக்கா பாருங்க நானா... எம் புருஷன் தகவல் அனுப்பிருப்பாரு.

ஷிபான்: எத்தனதரம் செல்ற, ஜீவராணி? சதீஸ்குமார்ட போன்ல இரிந்து ஒண்டும் வரல்ல. வந்திரிந்தா தோட்டத்து லய வீடுகள்ல உள்ள சைரன் தானா அடிச்சிரிக்கும்.

ஜீவராணி: மலையில வெடிப்பக் கண்டா ஆப்ல ஒரு தட்டு தட்டுங்க, சைரன் கத்தும்னு நீங்கதானே ஆப்ப செஞ்சி, வந்து சொல்லிக் குடுத்தீங்க?

ஷிபான்: ஓ... நான்தான்.

ஜீவராணி: அத நம்பித்தானே கொட்டுற மழையில மேல காவலுக்கு நின்னாரு! மலை சரிஞ்சி லயத்தோட அவரும் போயிட்டாரு. இப்ப குடிச்சிப்புட்டு தூங்கிட்டான்னு பேசுறாங்க, என் காதுபடவே. நாளைக்கி விசாரணையிலயும் அதயேதான் சொல்லுவாங்க.

ஷிபான்: சனம் ஆயிரம் பேசும்... லுணுகல பஸ் போயிரும், எழும்புங்க.

ஜீவராணி: போனா போவுது! ஆப்புக்கு என்னமோ பூட்டு போட்டீங்களாமே?

ஷிபான்: அது... எவனோ கம்ப்யூட்டர்ல இரிந்து பொய்த் தகவல் அனுப்பி சைரன அடிக்க வெச்சான். சனம் புள்ளகளத் தூக்கிட்டு மழைக்குள்ள ஓடிச்சே, மறந்திட்டீங்களா? அதான், எங்கட ஆப்ல இரிந்து வாறத மட்டும் எடுக்கிற மாதிரி மாத்தினேன்.

ஜீவராணி: அவருகிட்ட இருந்ததும் உங்க ஆப்புதானே?

ஷிபான்: பிளே ஸ்டோர்ல எறக்கினதா?

ஜீவராணி: லயத்துல எவன் நானா ஸ்டோர்ல எறக்குறான்? டேட்டாவுக்கு எங்க போறது? ஒருத்தரு போன்ல இருந்து இன்னொருத்தரு போனுக்கு ஏத்திக்குவோம். பாட்டு, படம், எல்லாம் அப்புடித்தான்.

ஷிபான்: போன்ல இரிந்து போனுக்கா?

ஜீவராணி: ஆமா, அதுக்கென்ன?

ஷிபான்: கைக்குக் கை மாறினத அந்தப் பூட்டு எங்கட ஆப்புன்டு எடுக்காது... திருப்பி அனுப்பிரும்.

ஜீவராணி: அப்ப அவரு அனுப்பி...

ஷிபான்: தெரியாது! தெரியாதுன்டு செல்றேனே! எனக்கும் புள்ள குட்டி ஈக்கி.

ஜீவராணி: இந்தாங்க.

ஷிபான்: என்ன இது?

ஜீவராணி: அவரு போனு. மண்ணுக்குள்ள இருந்து எடுத்தது. கண்ணாடி ஒடஞ்சாலும் எரியுது. வாசிங்க.

ஷிபான்: "இந்த ஆப் ஏற்கப்படாது"... "ஏற்கப்படாது"... யா அல்லாஹ்! தட்டித் தட்டி...

ஜீவராணி: ஓடாம நின்னு தட்டிருக்காரு பாவி மனுசன். இப்ப சொல்லுங்க... தெரியுமா, தெரியாதா?

ஷிபான்: தெரியும்... விடியவே பாத்தேன். அவர் தட்டின ஒவ்வொண்டும் எங்கட பக்கம் பதிஞ்சி ஈக்கி. அழிக்கத்தான் உக்காந்தேன்... நீங்க வந்தீங்க.

ஜீவராணி: அழிச்சிராதீங்க நானா... என் போன்ல நீங்க எறக்கிக் குடுத்தத அவரு போனுக்கு ஏத்தி விட்டது நாந்தான். நாளைக்கி ரெண்டு பேருமே போயி சொல்லுவோம்.