நான்கு மடங்கு இதயம்

ஐயா, மருந்துக்கு அச்சு வாங்குகிறவர்கள் அழகைப் பார்த்து மயங்கக் கூடாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கழற்றும்போது மூலை பிய்யக் கூடாது, வெந்நீரில் கழுவினால் நெளியக் கூடாது, எல்லாக் குழியும் ஒரே அளவு பிடிக்க வேண்டும். பூவா, மீனா என்பதெல்லாம் அப்புறம். நான் பதினெட்டு வருடமாக மருந்தைக் கையால் கலந்து கொடுக்கும் கடை நடத்துகிறேன். மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு, பாகில் மருந்தைக் கலந்து, அச்சில் ஊற்றி, வாயில் அடக்கிச் சப்புகிற வில்லையாகச் செய்து தருவேன். இதுவரை ஒரு குறை வந்ததில்லை.

புது அச்சு வந்தால் முதலில் வெறும் பாகை ஊற்றி ஆறவைப்பேன். வில்லைகளை நிறுத்து, ஒரு குழி எவ்வளவு பிடிக்கிறது என்று நோட்டில் எழுதுவேன். அதை வைத்துத்தான் மருந்தின் கணக்கே. உங்கள் மேஜைமேல் இருப்பது அந்த நோட்டுதான். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், புரியாவிட்டால் கேளுங்கள்.

என் தங்கைக்கு வாய் ஓயாது. அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன ஏழு வருடமும் என் வீட்டில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. படியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்து சேர்ந்தபோது, அழுதேன் என்றாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். மாத்திரை விழுங்கினால் அவளுக்குக் குமட்டும். அதனால் வலி மருந்தை வில்லையாகவே எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. கட்டிலோரம் உட்கார்ந்து சீட்டு விளையாடுவோம், அவள் கள்ளாட்டம் ஆடுவாள், நான் கண்டும் காணாததுபோல் தோற்பேன். "அக்கா, உன் குறட்டைக்கும் ஒரு வில்லை செஞ்சு வச்சுக்கோயேன்" என்பாள். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா சொன்னார்: "இனிமே ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பாதி பாதியா குறைச்சுக்கலாம். நிறுத்தினதும் வீட்டுக்காரரோட ஊருக்குக் கிளம்பிடலாம்." தங்கை கை தட்டினாள். நானும் தட்டினேன்.

டாக்டரம்மா எழுதிய மருந்துச் சீட்டில் இருந்தபடியே பாகில் மருந்தைப் பாதியாகக் குறைத்தேன். அச்சை மட்டும் மாற்றினேன். பழைய சின்னச் சதுரத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு பிடிக்கிற பூ. அடுத்த முறை மருந்து கால்வாசி ஆனது, அச்சு நான்கு மடங்கு பிடிக்கிற இதயம் ஆனது. ஆக, அவள் வாய்க்குள் போனது கடைசிவரை பழைய அளவுதான். குண்டுமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவளுக்கும் சந்தேகம் வந்தது. "ஏன்க்கா, மருந்து குறையக் குறைய வில்லை பெருசாகுது?"

"கசப்பு குறைஞ்சா இனிப்பு கூடும்டி" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அன்புள்ள இடத்தில் சுலபம் ஐயா.

பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போவாள். கால்வாசி மருந்துக்கே இந்தத் தூக்கமா என்று குழம்பிய டாக்டரம்மா, உடம்பு தேறவில்லை என்று பயணத்தை இரண்டு முறை தள்ளிவைத்தார். அவள் கணவர் ரொட்டிக்கடைக்காரர். இரண்டு முறையும் கேக் பெட்டியோடு வந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். கேக்கை நானும் அவளும் சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது முறை அவர் பிடிவாதமாக நின்றார். டாக்டரம்மாவும் சம்மதித்துவிட்டார். "இப்ப சாப்பிடறது ஒண்ணுமே இல்லாத மாதிரிதான். வண்டியில வலிச்சா மூணு வில்லைகூட சேர்த்துப் போட்டுக்கலாம், பயமில்லை." நான் பக்கத்தில்தான் நின்றேன். தலையாட்டினேன்.

கிளம்புகிற காலையில் அவள் செருப்பு மாட்டி, பெட்டிமேல் உட்கார்ந்து, வழியில் வலி வரக் கூடாதென்று முன்கூட்டியே சப்பத் தொடங்கினாள். இரண்டு முடிந்தது. "மூணாவது வேணாம்னு பாக்கறேன்க்கா, தலை சுத்துது."

"டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்கல்ல" என்றேன். மூன்றாவதன் காகிதத்தைப் பிரித்து வாயில் வைத்தது நான்தான். என் தோளில் சாய்ந்துகொண்டாள். எவ்வளவு நாளாயிற்று அவள் அப்படிச் சாய்ந்து. வாசலில் கார் ஹாரன் கேட்டது. உள்ளே வந்த மாப்பிள்ளையிடம் "தூங்கட்டுமே" என்றேன். அவர் அவளுடைய நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தார், அள்ளித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் அச்சுகளைக் கழுவி வைத்தேன்.

மத்தியானம் அவளுடைய மருந்துச் சீட்டுகளை எடுக்க வந்த மாப்பிள்ளை, காயவைத்திருந்த அச்சுகளின் முன்னால் நின்றுவிட்டார். கேக் அச்சோடு பிழைக்கிற மனுஷன். சதுரத்தில் தண்ணீர் பிடித்து இதயத்தில் ஊற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம்தான் நிரம்பியது.

"அச்சு மாறினா அளவு மாறும்னு என் கடையில பாத்திரம் கழுவுறவருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதாக்கா?"

அதுதான் ஐயா என்னைச் சுட்டது. என் தொழிலையே சந்தேகப்படலாமா? "ஏன் தெரியாது மாப்பிள்ளை, நோட்டுலயே எழுதியிருக்கேனே" என்றேன். அவர்தான் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டார்.

ஆமாம், தெரிந்தே செய்தேன். அந்த மூன்று வில்லை என்ன செய்யும் என்பதும் தெரியும். கொல்லப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். போகக் கூடாது என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து இன்று காலை அவள் கண் விழித்தாளாம். நல்ல சேதி சொன்னீர்கள், உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பக்கத்தில் கணவர் இருந்தும், முதலில் கேட்டது என்னைப் பற்றித்தானாமே? "அக்கா வெளியில இருக்காளா? கதவைப் பூட்டுங்க" என்றாளாம். பார்த்தீர்களா ஐயா, தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா.