மூன்றாம் உபசாரம்

வேண்டாம் ஐயா, தேநீர் வேண்டாம். வரும் வழியில்தான் குடித்தேன். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடப்போகிறது.

நீங்கள் தெஹ்ரானிலிருந்து வந்த அதிகாரி அல்ல, நம் கச்சாரான் ஊர்க்காரர்தான் என்று பேச்சிலேயே தெரிகிறது. எனக்கு அது ஆறுதல். ஒருவர் ஒன்றை நீட்டினால் முதல் முறை மறுக்க வேண்டும், இரண்டாம் முறையும் மறுக்க வேண்டும், மூன்றாம் முறை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் முறையே கையை நீட்டுகிறவனை நாம் பசிப்பயல் என்போம். மூன்றாம் முறையும் மறுப்பவனைத் திமிர் பிடித்தவன் என்போம். இதைப் புரிந்துகொண்டால் நான் சொல்லப்போவது முழுவதும் புரியும்.

என் பெயர் ஹேபத்துல்லா. இருபத்தாறு வருடமாக எண்ணெய்க் கிணறுகளுக்கு அமிலம் செலுத்தும் குழுவை நடத்துகிறேன். நம் மலைகளுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. அதற்குள் எண்ணெய் இருக்கும், வெளியே வர வழி இருக்காது. நீர்த்த அமிலத்தைக் குழாய் வழியாக அடியில் இறக்கினால், அது பாறையை அரித்துத் தனக்கு வழி செய்துகொண்டு போகும். அந்த வழியாகவே எண்ணெய் வரும். செத்துப்போனது என்று கைகழுவிய கிணறுகளை நான் எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன். "ஹேபத் கை வைத்தால் பாறை பேசும்" என்பார்கள். நானாகச் சொல்லிக்கொண்டதில்லை, மற்றவர்கள் சொன்னது.

அமிலத்துக்கு ஒரு குணம் உண்டு. பாறைக்குப் போகிற வழியில் இரும்புக் குழாயையும் தின்னும். அதற்காகக் கூடவே ஒரு மருந்து கலப்போம். மருந்து கலந்தால் குழாய் பிழைக்கும்.

வசந்த காலத்தில் அறுபத்தொன்றாம் கிணற்றில் வேலை. தலைமையகத்திலிருந்து பெரியவர்கள் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே போன பிறகுதான் மருந்துப் பீப்பாய்கள் இரண்டும் கிடங்கிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. திரும்பப் போய் எடுத்துவர மூன்று மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரத்தில் அமிலம் குழாயைத் தாண்டிவிடும், அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று செலுத்தச் சொன்னேன். பாதியில் பம்பு நின்றது. அமிலம் அந்தச் சூட்டில் ஐந்து மணி நேரம் குழாய்க்குள்ளேயே கிடந்தது. மேலே இழுத்தபோது குழாய் சல்லடை. பாதி அறுந்து உள்ளேயே விழுந்தது. கிணறு போனது.

மருந்து கலக்கும் பொறுப்பு பம்புக்காரன் கோல்முராதுடையது. கலக்கச் சொன்னேன், அவன் கலக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது உலகத்தில் புதிதல்ல.

மந்தனி என் உதவியாளன். முப்பத்தொரு வயது, மீசையை முறுக்கிக்கொண்டு பாடிக்கொண்டே வேலை செய்வான். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவன்தான் கிடங்கின் பின்புறத்தில் சாக்குக்கு அடியில் அந்த இரண்டு பீப்பாய்களைக் கண்டான். முத்திரை உடையாமல், அறுபத்தொன்று என்று எண் எழுதி. கிணற்றுக்கே போகாத மருந்தை எவன் கலக்க முடியும்? அதை வைத்துக்கொண்டு நேராக மேலதிகாரியிடம் போகவில்லை. என்னிடம் வந்தான். அவ்வளவு மரியாதை.

"அண்ணே, சனிக்கிழமை விசாரணைக் கமிட்டி வருது. நீங்களே சொல்லிடுங்க."

"சொல்லலைன்னா?"

"அப்ப நான் சொல்லித்தான் ஆகணும். கோல்முராத் பொண்டாட்டி பாத்திரத்தை எல்லாம் வித்துட்டா அண்ணே. அவன் வெளியிலயே வர்றதில்ல. நீங்க சொன்னா, தெரியாமப் போச்சுன்னு மன்னிச்சு விட்டுடுவாங்க. நான் சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

அவன் கண் கலங்கியிருந்தது. என்மேல் உள்ள பாசத்தில்தான். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. இருபத்தாறு வருடப் பெயர் ஒரு சனிக்கிழமையில் போய்விடும். "சரிடா, யோசிக்கிறேன்" என்றேன். என் கையை முத்தமிட்டுவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை எழுபதாம் கிணற்றில் வேலை. அது பள்ளத்தில் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அமிலம் உள்ளே போய்விட்டது. இப்போது கிணறு அதைத் திருப்பித் துப்ப வேண்டும். அமிலத்தோடு வாயுவும் வரும். நம் எண்ணெய் வயலின் வாயு நல்லதல்ல. கொஞ்சம் வந்தால் அழுகிய முட்டை நாற்றம். நிறைய வந்தால் நாற்றமே தெரியாது, மூக்கு முதலில் செத்துவிடும். அதற்குப் பிறகு ஆள்.

வருகிற நீரைத் தொட்டியருகே ஒரு சீசாவில் பிடித்து, ஒரு தாளை நனைத்து, அமிலத்தின் வீரியம் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அது மந்தனியின் வேலை. ஒருவன் பிடிப்பான், ஒருவன் பின்னால் நிற்பான். இருவரும் சிலிண்டர் மாட்டிய மாஸ்க் போட வேண்டும் என்பது விதி. மற்ற ஆட்களை மேட்டில் லாரிக்கு அருகே நிற்கச் சொல்லியிருந்தேன். நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம். இலைகூட அசையவில்லை. பெட்டியைத் திறந்தால் இரண்டு மாஸ்க்கில் ஒன்றின் சிலிண்டர் காலி.

நல்லதை எடுத்து அவனிடம் நீட்டினேன். "நீ போட்டுக்க."

"ஐயோ, நீங்க இருக்கறப்ப நானா? நீங்க போடுங்க அண்ணே."

"என் உயிர் மேல ஆணை, போட்டுக்கடா."

"உங்க உயிர் நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன்" என்று சிரித்தான். "இப்படியே நீங்க, நீங்கன்னு நின்னா பொழுது சாஞ்சிடும். நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடிட்டு வந்துடுவேன். ஒருவேளை விழுந்தா இழுத்துப் போட மாஸ்க்கோட ஒரு ஆளு வேணுமே."

சொல்லிவிட்டு நின்றான், ஐயா. உடனே ஓடவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் மாஸ்க்கை என் முகத்தில் மாட்டி வாரை இறுக்கினேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு ஓடினான். வால்வு இறுகிப்போயிருந்தது. திருக நேரம் பிடித்தது. மூச்சு விட்டிருக்க வேண்டும். மடங்கி உட்கார்ந்தான், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். சீசா உடையாமல் அவன் கையிலேயே இருந்தது, பொறுப்பான பிள்ளை. நான் அருகே போனேன். சீசாவை எடுத்துத் தாளை நனைத்துப் பார்த்தேன். அமிலம் தீர்ந்திருந்தது, அருமையான வேலை. வால்வை மூடினேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். தொட்டி மறைத்ததால் மேட்டில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன், கத்திக்கொண்டு. என் அழுகை பொய் இல்லை.

எல்லோரிடமும் நடந்ததைத்தான் சொன்னேன். மாஸ்க்கை அவனுக்குக் கொடுத்தேன், அவன் வாங்கவில்லை. ஊரே அவனைப் புகழ்ந்தது. பெரியவருக்காக உயிரைக் கொடுத்தான் என்று பள்ளிவாசலில் பேசினார்கள். கமிட்டி துக்கத்துக்காகத் தள்ளிப் போடப்பட்டது. நான் அவனுக்கு ஒரு நல்ல சாவைக் கொடுத்ததாகவே நினைத்தேன்.

மன்னியுங்கள், தேநீர் வேண்டுமா என்று மறுபடி கேட்கிறீர்கள். வேண்டாம் ஐயா, உங்களுக்கு எதற்குச் சிரமம்.

ஏழாம் நாள் துக்கத்துக்குப் போனேன். அவன் மனைவி கதம்கைர் பேரீச்சம்பழ அல்வாவைக் கொண்டுவந்து நீட்டினாள். மறுத்தேன். இரண்டாம் முறை நீட்டினாள், மறுத்தேன். மூன்றாம் முறை நீட்டினாள், எடுத்துக்கொண்டேன். அந்தத் துக்கத்திலும் முறை தவறாத பெண். என் எதிரே உட்கார்ந்தாள்.

"மாஸ்க்கை எத்தனை தடவை குடுத்தீங்க?"

இரண்டு என்று வாயில் வந்தது. கூடத்தில் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு என்றால் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்களே. "மூணு தடவை" என்றேன்.

அவள் அல்வாத் தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா சோறு வேணுமான்னு மூணாந்தடவை கேட்டாரு. கேட்டு முடிக்கறதுக்குள்ள இவரு தட்டை நீட்டிட்டாரு. எங்க வீட்டுல இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. மூணாந்தடவை அந்த மனுஷன் யாருகிட்டயும் எதையும் வேண்டாம்னு சொன்னதே கெடையாது."

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலையில் உங்கள் அலுவலகப் படி ஏறினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு முறை. அந்த மற்றொரு சிலிண்டர் எப்படிக் காலியானது என்றும் நீங்கள் கேட்கப்போகிறீர்கள். வியாழன் காலை லாரி கிளம்புமுன் நான்தான் திறந்துவிட்டேன். சீறல் அடங்கும்வரை கிடங்கு வாசலில் நின்றேன். மந்தனியின் வளர்ப்பு எனக்குத் தெரியும். இரண்டு முறை மறுப்பான் என்று தெரியும். மூன்றாம் முறை கேட்டால் வாங்கிக்கொள்வான் என்றும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. ஆனால் நான் அவனைத் தள்ளவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இரண்டு முறை மனதாரத்தான் நீட்டினேன்.

கோல்முராத் குற்றமற்றவன் என்பதையும் கீழே எழுதிவிடுங்கள். மந்தனி கேட்டுக்கொண்டது.

கையெழுத்து இங்கேதானே? போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். காலையிலிருந்து பேசிப் பேசி எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. தேநீர் வேண்டுமா என்று நீங்கள் இரண்டு முறைதான் கேட்டீர்கள். நம் ஊர்க்காரர் நீங்கள், இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஒரு மனிதனை அப்படி விட்டுவிடலாமா, ஐயா?